ஸ்டெப்னியைக் கழற்றுவதா, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பதா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்துக்கு இறங்கினேன். கீழ்வீட்டுத் தம்பி தன் காரின் ஸ்டெப்னியை, அதாவது மாற்றுச் சக்கரத்தை, கழற்றித் தூணில் சாய்த்து வைத்திருந்தான். அடுத்து பின் சீட்டைக் கழற்றப் போகிறானாம், கையில் ஸ்பேனர் தயாராக இருந்தது.

"அண்ணா, ஐம்பது கிலோ குறைச்சா லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கூடக் கிடைக்குமாம். ஆபீஸ்ல சொன்னாங்க."

செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன பெட்ரோல் கார் அது. ஒரு லிட்டர் எஞ்சின், எடை 850 கிலோ சொச்சம். என்னுடையதும் கிட்டத்தட்ட அதே ரகம். இருவரும் தினம் ஒயிட்ஃபீல்டு பக்கம்தான் போகிறோம். அவன் சம்பளத்தில் பெட்ரோல் எவ்வளவு தின்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் "சும்மா இருடா" என்று சொல்லிவிட்டு நகர மனசு வரவில்லை. மாடிக்குப் போய் எடை பார்க்கும் மெஷினையும் ஒரு நோட்டையும் எடுத்து வந்தேன்.

முதலில் எங்கள் செலவைப் பார்த்துவிடுவோம். போக வர 32 கி.மீ., மாதம் 25 நாள், ஆக 800 கி.மீ. தொம்லூர், பழைய விமான நிலையச் சாலை, மாரத்தஹள்ளி, குந்தலஹள்ளி என்று போகும் அந்த வழியில் லிட்டருக்கு 15 கிடைத்தால் பெரிது. மாதம் 53 லிட்டர் ஆகிறது. பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும்போது, ஒரு சதவீதம் மிச்சம் பிடித்தால் மாதம் 55 ரூபாய் மிஞ்சும். இந்த 55 ரூபாயை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாவற்றையும் இதை வைத்தே அளக்கப் போகிறேன்.

எடை குறைந்தால் மைலேஜ் ஏறுமா? ஏறும். அதில் சந்தேகமே வேண்டாம். எவ்வளவு ஏறும், அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் பார்க்க வேண்டியது. காரில் 100 பவுண்டு, அதாவது 45 கிலோ, கூடினால் மைலேஜ் ஏறத்தாழ 1 சதவீதம் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. அங்கே ஓடுகிற வண்டிகள் நம் சின்னக் காரைப் போல இரண்டு மடங்கு எடை கொண்டவை. காரின் மொத்த எடையில் அந்த 45 கிலோ எத்தனை பங்கு என்பதைப் பொறுத்துத்தான் பாதிப்பு. ஆகவே நம் காருக்கு அதை 2 சதவீதம் என்று எடுத்துக்கொள்வது நியாயம். நின்று நின்று போகும் ஊரில் இன்னும் கொஞ்சம் கூடலாம்.

ஏன் கூடும் என்பதையும் தம்பிக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்து போட்டுக் காட்டினேன். ஓட்டுகிறவரையும் சேர்த்துச் சுமார் 900 கிலோ வண்டி, கிலோமீட்டருக்கு மூன்று தடவை நின்று, ஒவ்வொரு தடவையும் 40 கி.மீ. வேகத்துக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் 60 சொச்சம் மில்லி பெட்ரோலில், நின்ற வண்டியைத் திரும்பத் திரும்ப வேகம் பிடிக்க வைப்பதற்கே 26 மில்லி போகிறது. டயர் உருளுவதற்கு 16. சிக்னலில் சும்மா நின்று உறுமுவதற்கு 12. காற்றைக் கிழிக்க வெறும் 8. முதல் இரண்டும் எடையோடு கூடிக் குறைகிறவை. மூன்றில் இரண்டு பங்கு பெட்ரோல் எடைக்காகவே எரிகிறது என்றால், எடையைக் குறைக்கச் சொன்னவர்கள் முட்டாள்கள் இல்லை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றும் சென்னையைவிடக் கொஞ்சம் லேசு. அதனால் எடையின் பங்கு இங்கே இன்னும் ஒரு பிடி அதிகம்.

ஆனால் காகிதத்தில் வரும் லாபம் முழுசாகக் கைக்கு வராது. பெட்ரோல் எஞ்சின் லேசான சுமையில் ஓடும்போது காற்று போகும் வழி பாதி மூடியே இருக்கும், அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சவே எஞ்சின் பாடுபடும். சுமையைக் குறைத்தால் அந்த வீண் உழைப்பின் பங்கு கூடிவிடும். அதனால்தான் அந்த 45 கிலோவுக்குக் காகிதம் மூன்றரை சதவீதம் என்று சொன்னாலும் நான் இரண்டு, இரண்டரைக்கு மேல் எதிர்பார்க்க மாட்டேன்.

சரி, எதைக் கழற்றலாம்? முதலில் என் டிக்கியைத் திறந்தேன். சொல்லவே சங்கடமாக இருந்தது. சேலத்திலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய தேங்காய்ச் சாக்கு, மூன்று வாரமாக அங்கேயே: 9 கிலோ. ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு: 10. கிரிக்கெட் பை: 8. மகளின் போன வருடப் பாடப்புத்தகங்கள் நிறைந்த அட்டைப் பெட்டி, பழைய பேப்பர் கடைக்குப் போக வேண்டியது: 12. மடக்கு நாற்காலி இரண்டு: 6. வண்டி கழுவும் வாளி, துணி, பாட்டில்கள்: 3. எல்லாம் சேர்த்து 48 கிலோ. ஒல்லியான ஒரு ஆள் ராத்திரி பகலாக டிக்கியில் படுத்திருந்ததற்குச் சமம்.

இந்த 48 கிலோவை இறக்க ஒரு பைசா செலவில்லை, பாதுகாப்பிலும் ஒன்றும் குறையாது. கணக்குப்படி மாதம் 110 முதல் 130 ரூபாய். தம்பி தேடிய ஐம்பது கிலோ இங்கேயே கிடைத்துவிட்டது, அதுவும் ஸ்பேனர் தொடாமல். ஆனால் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் ஏறாது, 300 மீட்டர், அதிகம் போனால் 400 மீட்டர் ஏறும். அதை நீங்கள் அளந்து பார்க்கவும் முடியாது. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்தால், ஒரு நாள் மாரத்தஹள்ளி பாலத்தடியில் மாட்டிக்கொண்டதே இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். அளக்க முடியாததால் லாபம் இல்லை என்று ஆகாது, மாதக் கடைசியில் அது வந்து சேர்ந்திருக்கும்.

ஸ்டெப்னிக்கு வருவோம். மெஷினில் வைத்தோம்: 13 கிலோ. அதனால் மிஞ்சுவது அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், மாதம் 30 ரூபாய். இந்த முப்பது ரூபாய்க்காக ராத்திரி பத்து மணிக்கு அவுட்டர் ரிங் ரோட்டில் பஞ்சரான டயரோடு நிற்கத் தயாரா என்றுதான் அவனைக் கேட்டேன். ஸ்டெப்னி இல்லாமலேயே சில புது வண்டிகள் வருகின்றனவே என்றான். வருகின்றன. 2020-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதியைத் திருத்தி அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி, ஓட்டை அடைக்கும் கிட் மூன்றும் இருக்கும் வண்டிக்குத்தான் அந்தச் சலுகை. அவன் காரில் அந்தக் கருவி இல்லை. ஸ்டெப்னி திரும்ப உள்ளே போனது.

பின் சீட்டைக் கழற்றுவது அதைவிடத் தப்பு. எத்தனை பேர் உட்காரலாம் என்று ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், எழுதியிருக்கிறது. பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. அதைவிட, அவன் அப்பா அம்மா ஓசூரிலிருந்து வந்தால் எங்கே உட்காருவார்கள்?

அலாய் வீல், அதாவது உலோகக் கலவைச் சக்கரம், பற்றியும் கேட்டான். ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்காரர் "எடை குறைவு, மைலேஜ் ஏறும்" என்று சொன்னாராம். அதே அளவில் நல்ல அலாய் போட்டால் சக்கரத்துக்கு ஒன்றரை கிலோ குறையலாம். சுழலும் பாகம் என்பதால் அந்தக் குறைவுக்கு மதிப்பு கொஞ்சம் கூட. அப்படியே பார்த்தாலும் மாதம் 30 ரூபாய்க்குள்தான் வரும். நாலு சக்கரத்துக்கு இருபதாயிரம் போட்டால், போட்ட பணம் திரும்ப ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகும். பெரும்பாலானவர்கள் அதே அளவில் போடுவதும் இல்லை. ஒரு இன்ச் பெரிய வீலும் அகலமான டயரும் போடுகிறார்கள், அப்போது எடை கூடவே கூடும். அழகுக்காகப் போடுங்கள், அதில் ஒன்றும் தவறில்லை. மைலேஜுக்காகப் போடாதீர்கள்.

அரை டேங்க் மட்டும் போட்டு ஓட்டும் யோசனையும் உண்டு. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோதான். 32 லிட்டர் டேங்கை எப்போதும் பாதியே நிரப்பினால் சராசரியாக 6 கிலோ குறையும். பங்க்குக்குக் கூடுதலாக இரண்டு நடை போய் வந்தாலே அந்த லாபம் கரைந்துவிடும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். ஓடுகிற வண்டியின் ஆற்றலில் எடை ஒரு தடவைதான் பெருக்கப்படுகிறது, வேகம் இரண்டு தடவை. பள்ளியில் படித்ததுதான், ஆனால் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்ததும் நமக்கு மறந்துபோகிறது. 900 கிலோ வண்டியை நின்ற நிலையிலிருந்து 40-க்குக் கொண்டுபோக 9 மில்லி பெட்ரோல் ஆகிறது. 50-க்குக் கொண்டுபோனால் 14 மில்லி. அடுத்த சிக்னல் 300 மீட்டரில் சிவப்பாக நிற்கிறது என்று தெரிந்தே 50 வரை அழுத்துகிறோம், பிறகு பிரேக்கில் அத்தனையையும் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம். அங்கே 40-ஓடு நிறுத்திக்கொண்டால் அந்த ஒரு ஓட்டத்தில் ஆற்றல் 36 சதவீதம் மிச்சம். இதே மிச்சத்தை எடையைக் குறைத்துப் பெற வேண்டுமானால் காரிலிருந்து 300 கிலோவுக்கு மேல் கழற்ற வேண்டும். கதவு, சீட்டு எல்லாவற்றையும் எடுத்தாலும் அவ்வளவு தேறாது.

ஒரு நாளில் நூறு தடவை நின்று கிளம்புகிறோம் என்றால், அதில் முப்பது தடவை இப்படிக் காலைத் தளர்த்தினால் போதும். தடவைக்கு 5 மில்லி, நாளைக்கு 150 மில்லி. மாதத்துக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் லிட்டர், 380 ரூபாய்க்குக் குறையாது. நேரம் எவ்வளவு இழப்போம் என்று கேட்டால், அந்தச் சிக்னலுக்கு நாம் எப்படிப் போனாலும் அது பச்சையாகும்போதுதான் பச்சையாகும். தொம்லூர் மேம்பாலம் இறங்கியதும் என்னை விரட்டிக் கடந்துபோகிற வண்டி, முருகேஷ்பாளையா சிக்னலில் எனக்கு முன்னால் நிற்கும். தினம் பார்க்கிறேன்.

இதில் ஒரு சின்ன நுணுக்கம். முன்னால் சிவப்பு தெரிந்தால் கியரிலேயே விட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். இப்போதைய இஞ்செக்‌ஷன் எஞ்சின்கள் அந்த நேரத்தில் பெட்ரோலை முழுவதும் நிறுத்திவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் போட்டு உருட்டினால் எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் குடித்தே ஆக வேண்டும். நியூட்ரலில் உருட்டுவது சிக்கனம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இறக்கத்தில் பிரேக்கின் மேல் முழு பாரமும் விழும் என்பதால் ஆபத்தும்கூட.

அப்புறம் சிக்னலில் நிற்பது. போக்குவரத்து நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2022 கணக்கில் பெங்களூரு நகர மையத்தில் 10 கி.மீ. கடக்கச் சராசரியாக 29 நிமிடம் 10 நொடி ஆனது. அந்த நேரத்தில் கணிசமான பகுதி நாம் ஓட்டுவதில்லை, நிற்கிறோம். ஒரு லிட்டர் எஞ்சின் சும்மா நின்றால் மணிக்கு 600, 700 மில்லி குடிக்கும். திரும்பக் கிளப்புவதற்கு ஆகும் பெட்ரோல் பத்து நொடி நிற்பதற்கு ஆவதுதான். எண் ஓடுகிற சிக்னலில் முப்பதுக்கு மேல் தெரிந்தால் அணைத்துவிடலாம். நாளைக்குப் பதினைந்து நிமிடம் இப்படி அணைத்தால் மாதம் நானூறு ரூபாயைத் தொடும். பேட்டரி பழசாக இருந்தால் மட்டும் யோசித்துச் செய்யுங்கள், நடுரோட்டில் கிளம்பாமல் போனால் பின்னால் நிற்கிறவர்கள் பாடு திண்டாட்டம்.

டயர் காற்றில் சொல்ல அதிகம் இல்லை, பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். தம்பியின் டயர்களில் காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ இருந்தது, டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 33. ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 சதவீதம் என்ற கணக்கில், ஸ்டெப்னியைக் கழற்றுவதைவிட இரண்டு மடங்கு லாபம் இதில். டயரும் சீராகத் தேயும். காலையில் வண்டி சூடாவதற்கு முன் பார்ப்பது சரி.

ஊருக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. ஓசூர் தாண்டி நெடுஞ்சாலையில் 90-ல் போகும்போது காற்றுதான் எதிரி. எடையின் பங்கு மூன்றில் ஒன்றுக்கு இறங்கிவிடும். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏறி வருகிறோமே, அங்கே எடை உதைக்காதா என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. சேலத்துக்கும் பெங்களூருக்கும் உயரத்தில் 600 மீட்டருக்கு மேல் வித்தியாசம். 25 கிலோ அரிசி மூட்டையை அவ்வளவு உயரம் ஏற்ற ஆகும் பெட்ரோல் 20 மில்லி, இரண்டு ரூபாய். நாலு பேரும் சாமான்களுமாக 1,200 கிலோ வண்டி ஏற ஒரு லிட்டர் கிட்ட ஆகும். திரும்பி வரும்போது மைலேஜ் குறைவாகக் காட்டுவதற்கு இதுதான் காரணம், வண்டியில் கோளாறு இல்லை. அதனால் அம்மா கொடுக்கும் அரிசியை மறுக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் இறக்கி வைத்துவிடுங்கள். கூரை மேல் மாட்டிய கேரியரையும் அன்றைக்கே கழற்றுங்கள். டிக்கிச் சுமையைவிடக் கூரைச் சுமைதான் நெடுஞ்சாலையில் அதிகம் தின்கிறது, ஏனென்றால் அது காற்றோடும் சண்டை போடுகிறது.

எடைக்கு நிஜமான மதிப்பு வரும் இடம் ஒன்று உண்டு, அது கார் வாங்கும் நேரம். 2018-ல் வந்த ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் அதற்கு முந்தையதைவிட 85 கிலோ வரை லேசு. எஞ்சின் அதே 1.2 லிட்டர். சான்றிதழ் மைலேஜ் 20.4-லிருந்து 22-க்கு ஏறியது, ஏறக்குறைய 8 சதவீதம். உடலின் வடிவத்தையும் சேர்த்து மாற்றினார்கள் என்பதால் முழுப் புகழும் எடைக்குப் போகாது, ஆனாலும் அதற்கும் நல்ல பங்கு உண்டு. 2024-ல் சுசுகி அறிவித்த பத்தாண்டுத் தொழில்நுட்பத் திட்டத்திலும் காரில் 100 கிலோ குறைப்பது ஒரு இலக்கு. தொழிற்சாலையில் எடை குறையும்போது எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாமே அதற்கேற்பச் சிறுக்கின்றன, அதனால் லாபம் பெருகுகிறது. வீட்டு ஸ்பேனரால் அது நடக்காது.

அதனால் அடுத்த கார் எடுக்கும்போது, உயரமாக உட்கார வேண்டும் என்ற ஆசைக்காக 300 கிலோ கூடுதல் வண்டியை எடுப்பதா என்று ஒருமுறை யோசியுங்கள். அந்த 300 கிலோவை வண்டி இருக்கும் வரை ஒவ்வொரு சிக்னலிலும் கிளப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சிஎன்ஜி எடுத்தாலும் சிலிண்டரும் அதன் சாமான்களுமாக நூறு கிலோ கிட்ட ஏறும். அது பரவாயில்லை, எரிவாயுவின் விலை அதை ஈடு கட்டிவிடும். டிக்கி இடம் போவதுதான் அங்கே இழப்பு. பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட் வண்டி பிரேக் பிடிக்கும் ஆற்றலில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்வதால் அதற்கு எடை அவ்வளவு உறுத்தாது, விலைதான் உறுத்தும்.

மெட்ரோவையும் சொல்லாமல் விட முடியாது. 2023 அக்டோபரிலிருந்து எங்கள் அல்சூரின் ஹலசூரு ஸ்டேஷனில் ஏறினால் ஒயிட்ஃபீல்டு வரை இறங்காமல் போகலாம். ஆபீஸ் ஸ்டேஷன் பக்கம் இருக்கிறவர்களுக்கு மேலே சொன்ன எந்தக் கணக்கும் தேவையில்லை. எனக்கு வழியில் மகளைப் பள்ளியில் இறக்க வேண்டும். அவன் ஆபீஸ் எந்த ஸ்டேஷனுக்கும் நடக்கிற தூரத்தில் இல்லை.

நோட்டை மூடும் முன் தம்பி கேட்டான்: "அப்போ அண்ணா, நீங்க என் வண்டியில ஏறினா எவ்வளவு குறையும்?" என் எடை 72 கிலோ, மகள் 30. வண்டி எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. அவன் செலவு நாலைந்து சதவீதம் ஏறும். நாளைக்கு இரண்டு லிட்டர் சொச்சம் குடிக்கும் வண்டி இன்னும் நூறு மில்லி கூடக் குடிக்கும். ஆனால் என் கார் வீட்டிலேயே நிற்கும். இரண்டு வண்டிக்கு நாலே கால் லிட்டர் போன இடத்தில் ஒரு வண்டிக்கு இரண்டேகால். பாதிப் பாதி போட்டுக்கொண்டால் ஆளுக்கு மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கிட்ட மிஞ்சுகிறது. காலையிலிருந்து நாங்கள் எடை போட்டுப் பார்த்ததில் எதுவும் இதன் பக்கத்தில் வரவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரம் அவன் வண்டி, ஒரு வாரம் என் வண்டி என்று முடிவானது. மகளின் புத்தகப் பெட்டி பேப்பர் கடைக்குப் போய்விட்டது. தேங்காயில் பாதியைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.